உப்பும் சிக்கரியும்: பதினாறு வயதுக்கு ஒரு புள்ளியியல் பாடம்

ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்தான். பத்தாம் வகுப்பு முடித்த பெண் ஓசூரில் இருந்தால் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் பள்ளி மாணவி. அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அவளே பி.யூ. கல்லூரி மாணவி, பாடம் நடத்துபவரும் ஆசிரியர் என்ற பெயரை விட்டு லெக்சரர் ஆகிவிடுகிறார். தமிழ்நாட்டிலும் 1978இல் பிளஸ் டூ வரும்வரை பள்ளி முடித்தவர்கள் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போனார்கள்.

அதனால், பள்ளி வயது மாணவருக்குக் கல்லூரித் தரத்தில் புள்ளியியல் பாடம் வகுப்பது எப்படி என்ற கேள்வியை பெங்களூருவில் கேட்பவர், கல்லூரித் தரம் என்றால் என்ன என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகை அதைச் சொல்லாது. சூத்திரங்களின் எண்ணிக்கையும் சொல்லாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஓர் எண் எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு தவறியிருக்கலாம், அதை வைத்து எதுவரை பேசலாம் என்ற மூன்றுக்கும் தானே பொறுப்பேற்றுப் பதில் சொல்லும் மாணவர், எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும் கல்லூரித் தரத்தில்தான் படிக்கிறார்.

இப்போது இருப்பது என்ன?

கர்நாடகத்தின் பி.யூ. பாடத்திட்டத்தில் புள்ளியியல் தனிப்பாடமாகவே இருக்கிறது. கன்னடத்தில் சங்க்யாசாஸ்திரம் என்பார்கள். பெரும்பாலும் வணிகவியல் பிரிவில், பொருளியல், வணிகக் கல்வி, கணக்குப் பதிவியல் ஆகியவற்றுடன் சேர்ந்து வரும்; அந்த காம்பினேஷனுக்கு ‘செபா’ என்று பெயர். முதல் ஆண்டில் சராசரிகள், சிதறல், ஒட்டுறவு, பண்புகளின் தொடர்பு, நிகழ்தகவு. இரண்டாம் ஆண்டில் வாழ்நிலைப் புள்ளியியல், குறியீட்டெண், காலத்தொடர், இடைச்செருகல், பரவல்கள், கருதுகோள் சோதனை, தரக்கட்டுப்பாடு, செயல்முறை ஆய்வு. தமிழ்நாட்டிலும் மேல்நிலையில் புள்ளியியல் தனிப்பாடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் பெருங்கூறு, சிறுகூறு சோதனைகளில் தொடங்கி அரசுப் புள்ளியியல்வரை போகிறது. மத்தியக் கல்வி வாரியம் 2020-21இல் கொண்டுவந்த பயன்பாட்டுக் கணிதத்திலும் கூறெடுப்பும் டி சோதனையும் இடம்பெற்றன.

இன்னொரு வாசல் சென்னையில் திறந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்புக்குப் பதினொன்றாம் வகுப்பு முடித்தவரே விண்ணப்பிக்கலாம். தகுதித் தேர்வுக்கு முன் நான்கு வாரம் இணையவழியில் படிக்க வேண்டிய பாடங்களில் புள்ளியியலும் ஒன்று. பெங்களூருவிலேயே மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அதன் கணித இளநிலைப் படிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிறார்கள்.

ஆக, தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் பி.யூ. தலைப்புகளில் பல உலகின் பல இடங்களில் பட்டப்படிப்புக்குரியவை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடநூலில் தரவு எப்போதும் அட்டவணையாகத் தயாராக வந்து நிற்கும். யார் எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே வராது. திட்டவிலக்கத்தை இரண்டு தசம இடம்வரை சரியாகப் போட்டால் முழு மதிப்பெண். அந்த விலக்கம் பெரிதா சிறிதா, யாருக்கு அதனால் என்ன என்ற கேள்வி விடைத்தாளில் வருவதே இல்லை.

வெளியே நடந்த மாற்றங்கள்

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைப் புள்ளியியல் தேர்வு 1997இல் முதன்முறையாக நடந்தது. அன்று சில ஆயிரம் பேர் எழுதிய தேர்வை அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, அதற்கு நுண்கணிதம் தேவையில்லை, இயற்கணிதம் போதும். இரண்டாவது, விடைத்தாள் திருத்தும் முறை. விரிவான கேள்விகளில் ஒவ்வொரு பகுதியையும் சரி, பாதி சரி, தவறு என்று தரம் பிரித்து, பிறகு விடை முழுவதையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். எண் சரியாக வந்தும், கேள்வியின் சூழலோடு பொருத்தி விளக்காவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது.

இங்கிலாந்தில் 2017இல் புதுப்பிக்கப்பட்ட மேல்நிலைக் கணிதத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பெரிய உண்மைத் தரவுத் தொகுப்போடு பழகியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஒரு வாரியம் 1987, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளைக் கொடுத்தது. நியூசிலாந்து இன்னும் துணிந்து, கையிலிருக்கும் கூறிலிருந்தே திரும்பத் திரும்பக் கூறெடுத்து மதிப்பீட்டின் தடுமாற்றத்தை அளக்கும் முறையைப் பள்ளி இறுதி வகுப்புக்கே கொண்டுவந்தது.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் இருந்த சிந்தனையை 2007இல் புள்ளியியலாளர் ஜார்ஜ் காப் கூர்மையாக முன்வைத்தார். இயல்நிலைப் பரவலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சூத்திரம் கட்டும் அறிமுகப் பாடத்தை அவர், பூமியை நடுவில் வைத்த டாலமியின் வானியலுக்கு ஒப்பிட்டார். கணினி இல்லாத காலத்தில் அந்தச் சூத்திரங்கள் தவிர்க்க முடியாதவை. கணினி வந்தபிறகு, குலுக்கிப் பார்ப்பது என்ற எளிய கருத்தையே மையத்தில் வைக்கலாம் என்றார்.

எட்டு டம்ளர் காப்பி

அந்த எளிய கருத்து பதினாறு வயதுக்கு எவ்வளவு தூரம் எட்டும்? புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில் ஒரு பெண்மணியின் தேநீர்ச் சோதனை பெயர்பெற்றது: கோப்பையில் பால் முதலில் விழுந்ததா, தேநீர் முதலில் விழுந்ததா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார் அவர். பெங்களூருவில் இதற்குத் தேநீர் வேண்டாம். காப்பித்தூள் கடையில் ‘சிக்கரி எவ்வளவு?’ என்ற கேள்வி இல்லாமல் பொட்டலம் கட்டமாட்டார்கள்.

வகுப்பில் எட்டு டம்ளர் வைப்போம். நான்கில் சிக்கரி கலந்த டிகாஷன், நான்கில் கலக்காதது. பாலும் சர்க்கரையும் சூடும் ஒன்றுபோல. எந்த வரிசையில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். ‘எங்கள் வீட்டில் சிக்கரியே கிடையாது, நாக்கில் பட்டால் தெரிந்துவிடும்’ என்று சொன்ன மாணவியைக் கூப்பிட்டு, சிக்கரி கலந்த நான்கையும் எடுத்து வைக்கச் சொல்வோம். அவள் நான்கில் மூன்றைச் சரியாக எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு கைதட்டும். அந்த நேரத்தில்தான் ஆசிரியர் கேட்க வேண்டும்: ஒன்றுமே தெரியாத ஒருவர் குருட்டாம்போக்கில் எடுத்தால் என்ன ஆகும்?

முப்பது பேரிடம் எட்டெட்டுச் சீட்டு. நான்கில் ‘சி’ என்று எழுதி, கவிழ்த்துக் குலுக்கி, கண்ணை மூடி நான்கை எடுக்க வேண்டும். ஆளுக்குப் பத்து முறை. முந்நூறு முடிவுகளையும் கரும்பலகையில் புள்ளிகளாக அடுக்கினால், நான்கும் சரியாக வந்தவை ஒரு கைக்குள் அடங்கும். மூன்று சரியாக வந்தவை எழுபதை ஒட்டி நிற்கும். பிறகு எண்ணிப் பார்க்கலாம். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். நான்கும் சரியாக அமைவது ஒரே வழி. மூன்று சரியாக அமைவது 16 வழி. மூன்றோ அதற்கு மேலோ சரியாவது 70க்கு 17, ஏறக்குறைய 24%. குருட்டு அதிர்ஷ்டமே நாலில் ஒரு தடவை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும்! நான்கையும் சொல்லியிருந்தால் 70க்கு 1, அதாவது 1.4%. அப்போது பேச்சு வேறு.

இன்மைக் கருதுகோள், சமவாய்ப்பு, நிகழ்தகவு மதிப்பு மூன்றும் இந்த ஒரு பாடவேளையில் வந்துவிட்டன. மூன்று டம்ளரைச் சரியாகச் சொன்னதால் அவளுக்குத் தெரியாது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை, தெரியும் என்று சொல்லச் சான்று போதவில்லை, அவ்வளவுதான் என்ற நுட்பமும் வந்துவிட்டது. டி அட்டவணையைப் பின்னால் கொடுக்கலாம். அப்போது அது எந்தக் கேள்விக்குச் சுருக்குவழி என்று மாணவருக்குத் தெரிந்திருக்கும்.

உப்பு சொன்ன கணக்கு

அடுத்த விவாதம் தரவு பற்றியது. இதில் நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. புள்ளியியலின் பெரிய பெயர்களில் ஒருவரான சி. ஆர். ராவ் 1920இல் பிறந்த ஹூவின ஹடகலி, அன்று சென்னை மாகாணத்தில் இருந்து, இன்று கர்நாடகத்தில் இருக்கும் ஊர். அவர் எழுதிய ‘புள்ளியியலும் உண்மையும்’ என்ற நூலில் ஒரு நிகழ்வு வருகிறது. 1947இல் டெல்லிக் கலவரத்தின்போது செங்கோட்டைக்குள் ஏராளமானோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். உள்ளே போய் எண்ண வழியில்லை. சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்கள் அனுப்பிய பில் தொகையோ மிக அதிகமாக இருந்தது. எத்தனை பேர் என்று புள்ளியியலாளர்களிடம் கேட்டார்கள்.

அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் கணக்கில் காட்டிய அரிசி, பருப்பு, உப்பின் அளவும், ஒரு நாளைக்கு ஓர் ஆள் எவ்வளவு சாப்பிடுவார் என்ற பழைய ஆய்வுகளும்தான். ஒவ்வொன்றையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் மூன்று வெவ்வேறு மக்கள்தொகை கிடைத்தது. அரிசிவழி வந்த எண் பெரியது, உப்புவழி வந்த எண் சிறியது. மூன்றில் உப்பையே நம்பினார்கள். விலையுயர்ந்த அரிசியைக் கூட்டிக் காட்டினால் லாபம் உண்டு; உப்பு அன்று மலிவு, அதைக் கூட்டிக் காட்டி யாருக்கு என்ன கிடைக்கும்? இந்த யோசனை புள்ளியியலாளர் ஜே. எம். சென்குப்தாவுடையது. இதே முறையை ஹுமாயூன் கல்லறையில் தங்கியிருந்தவர்கள் விஷயத்தில் சரிபார்த்தபோதும் பொருந்தியது.

இதில் இருக்கும் கணக்கு வெறும் வகுத்தல். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும். ஆனால் எந்த எண்ணில் யாருடைய ஆதாயம் கலந்திருக்கிறது என்று யோசித்த அந்தப் பார்வைதான் புள்ளியியல். இந்த நிகழ்வை முதல் வாரமே வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்பேன்.

ராவ் வாழ்விலிருந்தே இன்னொன்று. கல்கத்தாவில் இளம் ஆசிரியராக ஃபிஷரின் ஒரு முடிவை அவர் நடத்திக்கொண்டிருந்தபோது, அது பெருங்கூறுகளுக்குத்தானே, சிறுகூறுகளுக்கும் இப்படி ஒன்று உண்டா என்று ஒரு மாணவர் கேட்டார். அந்த மாணவர் பின்னாளில் பொருளியலாளராகப் புகழ்பெற்ற வி. எம். தாண்டேகர். ராவ் வீட்டுக்குப் போய் அன்றிரவே யோசித்து விடை கண்டார். 1945இல் அச்சான அந்த விடையில் ஒரு பகுதியே இன்று உலகெங்கும் கிராமர்-ராவ் எல்லை என்று கற்பிக்கப்படுகிறது. மாணவர் கேட்க இடமிருந்த ஒரு வகுப்பறை தந்த பலன் இது.

ஒரு சோறு எப்போது பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கொதியில் அரிசி கலந்து புரள்வதால் அந்தச் சொல் பலிக்கிறது. அடுப்பு ஒருபக்கம் எரிந்து அடி பிடித்துவிட்டால் மேலே எடுத்த சோறு அடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெங்களூருவோ கொதித்துக் கலந்த பானை இல்லை. கோரமங்கலாவில் எடுத்த சோறு பீன்யாவுக்குப் பதம் ஆகாது. அதனால்தான் கூறெடுப்பில் சமவாய்ப்பைச் செயற்கையாக நாமே புகுத்த வேண்டியிருக்கிறது.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிடும்போது ஓர் ஏற்பாடு செய்தார். ஒரே பகுதியில் தனித்தனியாக எடுத்த இரண்டு கூறுகளை இரண்டு குழுக்களிடம் கொடுத்தார். ஒரு குழு செய்வது மற்றதற்குத் தெரியாது. இரண்டு விடைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதிலேயே கணக்கெடுப்பின் நம்பகம் வெளிப்பட்டுவிடும். பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகை முழம் என்ன விலை என்று அறிய வகுப்பிலிருந்து இரண்டு குழுக்களை அனுப்பலாம். கடைகளுக்கு எண் கொடுத்து, குலுக்கலில் விழுந்த கடைகளில் மட்டும் கேட்க வேண்டும். திரும்பி வந்து ஒப்பிடும்போது இரண்டு சராசரிகளும் ஒத்துவராமல் போகலாம். ஒரு குழு விடிகாலையில் போயிருக்கும், மற்றது வெயில் ஏறியபின். ஒரு குழு கன்னடத்தில் கேட்டிருக்கும், மற்றது தமிழில். எல்லாவற்றுக்கும் மேலாக, முழம் என்பதே பூக்காரரின் கை. ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த முறை அளவுநாடா எடுத்துப் போக வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அளவீட்டுப் பிழை என்ற அத்தியாயத்தை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

இந்த ஊருக்கு இதில் பாரம்பரியமும் உண்டு. ஐ.நா.வும் இந்திய அரசும் சேர்ந்து 1951-52இல் மைசூர் மக்கள்தொகை ஆய்வை நடத்தியபோது பெங்களூரு நகரமும் அதன் களமாக இருந்தது. 1961இல் வெளிவந்த அறிக்கை மக்கள்தொகையியலில் இன்றும் பேசப்படுகிறது. இன்றைய நிலையையும் வகுப்பில் பேசலாம். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 84 லட்சம் பேர். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 குறிக்கப்பட்டிருக்கிறது. இடையில் இந்நகரின் மக்கள்தொகை என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது மதிப்பீடு. எப்படி மதிப்பிட்டார்கள் என்று கேட்பது மாணவரின் உரிமை.

மழையையும் வகுப்பில் பேசலாம். 2024 ஜூன் 2 அன்று பெங்களூருவில் 111.1 மி.மீ. பெய்தது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த மழையில் 1891க்குப் பிறகு இதுவே அதிகம். மாதம் முழுக்க வழக்கமாகப் பெய்யும் அளவு ஒரே நாளில் இறங்கிவிட்டது. சராசரியை மட்டும் பார்த்து வடிகால் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கோட்டம், சிதறல் என்ற இரண்டு அத்தியாயங்களும் விடை சொல்லும்.

முப்பது வாரம்

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டுப் பாடத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது. ஜூனில் தொடங்கி, வாரம் நான்கு மணி, முப்பது வாரம்.

முதல் ஆறு வாரம் பார்ப்பதற்கு: மழைப் பதிவு, பேருந்து காத்திருப்பு நேரம் போன்ற உண்மைத் தரவை வரைந்து, சராசரியும் இடைநிலையும் எப்போது பிரிகின்றன என்று பேசுதல். அடுத்த ஆறு வாரம் சேகரிப்பதற்கு: கூறெடுப்பு, கேள்வித்தாள், சோதனை வடிவமைப்பு, மார்க்கெட் களப்பணி. பிறகு ஐந்து வாரம் வாய்ப்புக்கு: முதலில் சீட்டும் தாயக்கட்டையும், பிறகு விதிகள், ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல். அதன்பின் எட்டு வாரம் முடிவுகாணலுக்கு: காப்பிச் சோதனையில் தொடங்கி, விகிதம், சராசரி, இரண்டு குழுக்களின் வேறுபாடு, கை வர்க்கச் சோதனை, தொடர்புப் போக்கு. கடைசி ஐந்து வாரம் மாணவரின் சொந்த ஆய்வுக்கு.

தரக்கட்டுப்பாட்டு அத்தியாயத்தை விட்டுவிடக் கூடாது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று வளர்ந்த ஊர் இது. கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டுபிடித்த ஷூஹார்ட், மகலனோபிஸின் அழைப்பில் 1947-48இல் இந்தியாவுக்கு வந்து போனவர். பீன்யாவில் தண்டு கடையும் ஒரு பட்டறையில் இருபது தண்டுகளின் விட்டத்தை அளந்து வரைபடம் போட்டால், இயல்பான ஏற்ற இறக்கத்துக்கும் எந்திரம் பிசகியதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

கருவி பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கணினி இருக்கும் கல்லூரியில் விரிதாளும் விலையில்லாத ஆர் மென்பொருளும் போதும். இல்லாத அரசு பி.யூ. கல்லூரியில் சீட்டும் வாய்ப்பு எண் அட்டவணையும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். மொழி பற்றித்தான் கவலைப்பட வேண்டும். புள்ளியியல் மற்றக் கணிதப் பாடங்களைவிட அதிகமாக வாக்கியங்களில் வாழ்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று இருக்கும் பிள்ளை ‘95% நம்பிக்கை இடைவெளி’க்கான வாக்கியத்தை மனப்பாடமாக எழுதிவிட முடியும். ஆகவே ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் வீட்டு மொழியில், அம்மாவுக்குப் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அதைத் திருத்தும்போது யாருக்குப் புரிந்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

எதிர்க்கேள்விகள்

கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. தரவரிசையில் புள்ளியியலுக்கு இடமில்லை. அறிவியல் பிரிவுப் பெற்றோர் இதற்கு நேரம் தரமாட்டார்கள் என்பது முதல் ஆட்சேபம். இது உண்மையான தடை. மருத்துவமோ பொறியியலோ எதற்குப் போனாலும் பிள்ளை முதல் ஆண்டுகளிலேயே தரவை எதிர்கொள்ளும் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் மதிப்பெண் அமைப்பு மாறாதவரை, வணிகவியல் மாணவர்களிடம் தொடங்குவதே நடைமுறை. அவர்களிடம் ஏற்கெனவே இந்தப் பாடம் இருக்கிறது. அவர்களுக்கென்று புள்ளியியல் விரிவுரையாளர் பணியிடங்களும் கர்நாடகத்தில் இருக்கின்றன. பல மாநிலங்களுக்கு இல்லாத வசதி இது.

சமத்துவம் பற்றியது இரண்டாவது ஆட்சேபம். அமெரிக்கத் தேர்வை இங்கே எழுதுவோர் டாலர் கணக்கில் கட்டணம் கட்டுகிறார்கள். வசதியான சில பள்ளிகளோடு அது நின்றுவிடும். அதனால்தான் தேர்வை இறக்குமதி செய்வதைவிட அதன் திருத்தும் முறையை எடுத்துக்கொள்வது மேல். பி.யூ. தேர்விலேயே, கணக்கிட்ட விடைக்குப் பாதி, அதை விளக்கும் வாக்கியத்துக்குப் பாதி என்று மதிப்பெண் வைத்தாலே கற்பிக்கும் முறை மாறத் தொடங்கும். எந்த வகுப்பறையும் தேர்வுத்தாளைப் பார்த்துத்தான் திரும்புகிறது.

பாடம் கனம் குறைந்துவிடும் என்று மூன்றாவதாகச் சொல்வார்கள். சூத்திரம் தள்ளிப்போகிறதே தவிரப் பாடத்தைவிட்டுப் போகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் படித்து, ராவிடம் முனைவர் பட்டம் பெற்று, 2007இல் ஏபெல் பரிசு வாங்கிய எஸ். ஆர். எஸ். வரதன் போன்றவர்கள் நாளையும் வரத்தான் வேண்டும். எட்டு டம்ளரில் வாய்ப்பின் சுவை கண்ட பிள்ளைக்கு அந்தப் பாதை இன்னும் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் போகாத மற்ற பிள்ளைகள் வாக்காளர்களாக, பெற்றோர்களாக, நோயாளிகளாக வாழ்நாள் முழுவதும் எண்களை எதிர்கொள்ளப் போகிறார்கள். இந்தப் பாடம் முதலில் அவர்களுக்குத்தான்.

ஆண்டின் இறுதியில், முன்பின் பார்த்திராத ஒரு செய்தித்தாள் அட்டவணையை ஒரு மாணவியின் கையில் கொடுங்கள். பேனாவை எடுத்துக் கூட்ட ஆரம்பிப்பதற்கு முன் ‘இதை யார், யாரிடம் கேட்டு எழுதினார்கள்?’ என்று அவள் நிமிர்ந்து கேட்டால், பாடம் நிறைவேறிவிட்டது. ஓசூரில் கேட்டாலும் சரி, பெங்களூருவில் கேட்டாலும் சரி, அது கல்லூரிக் கேள்விதான்.